கேளுங்கள் டீச்சர்: காசு கட்ட முன்னம் ஒரு சோதனை

கேள்வி: மகன் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருக்கிறான். ஒரு தனியார் நிறுவனத்தில் கொம்பியூட்டர் டிப்ளோமாவுக்கு ஒன்றரை இலட்சம் கேட்கிறார்கள். அவனோ, "எல்லாம் ஒன்லைனில் சும்மா கிடக்குது, ஏனம்மா காசு?" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பெறுபேறு வரட்டும் அம்மா, அதுவரை ஒரு சதமும் கட்டாதீர்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி கைகொடுத்து கெம்பஸ் கிடைத்தால் அந்த ஒன்றரை இலட்சம் மிச்சம்.

அதற்காக மகன் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். "சும்மா கிடக்குது" என்கிறவரைச் செய்து காட்டச் சொல்லுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற ஒன்லைன் கொம்பியூட்டர் கோர்ஸைத் தொடங்கட்டும். விரிவுரை, பயிற்சி, திருத்தம் எல்லாமே இலவசம். முழுவதையும் முடித்தால் அந்தக் கோர்ஸின் சான்றிதழும் இலவசம். அதே கோர்ஸ் இருக்கும் எடெக்ஸ் என்ற ஒன்லைன் கல்வித் தளம் அடையாளத்தை உறுதிசெய்து தரும் சான்றிதழுக்குத்தான் பணம். முதல் வாரம் ஸ்க்ரச், அதாவது கட்டங்களைக் கோத்துப் புரோகிராம் செய்வது, சின்னப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே செய்வார்கள். பிறகு சி என்ற புரோகிராம் மொழி வரும். கொம்பியூட்டரின் நினைவகம் பற்றிய வாரத்துக்கு வரும்போதுதான் ஆள் யாரென்று தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை அந்த வாரத்துப் பயிற்சியோடு இரவு டேட்டாவில் விடியவிடிய மல்லுக்கட்டினாள். அவளுக்கு இந்தத் துறை சரிவரும் என்று அன்றைக்கே அவளுடைய தாயிடம் சொன்னேன்.

உங்கள் மகன் அந்த வாரத்தைத் தாண்டினால் அவனுக்காகத் துணிந்து செலவழிக்கலாம். தாண்டாவிட்டால், ஒன்றரை இலட்சம் கட்டிய பிறகு தெரியவரவிருந்த விஷயம் இப்போதே தெரிந்துவிட்டது. இலவசக் கோர்ஸில் நான் காணும் பெரிய இலாபம் இதுதான்.

ஆங்கிலம் இடித்தால் வீடியோவின் வேகத்தைக் குறைத்து, எழுத்தையும் போட்டுப் பார்க்கட்டும். உள்ளூர் பெயர் வேண்டுமென்றால் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் பைதன் என்ற புரோகிராம் மொழி, இணையத்தள வடிவமைப்பு என்று இலவசமாக ஒன்லைனில் நடத்துகிறது. எல்லாம் பார்த்தபின்னும் டிப்ளோமாதான் என்றால், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, அந்த டிப்ளோமாவுக்கு என்.வீ.கியூ. என்ற தேசிய தொழில் தகைமை மட்டம் உண்டா என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கோர்செராவிலும் எடெக்ஸிலும் நிறையக் கோர்ஸ்களில் சேர்ந்தேன். ஒன்றையும் முடிக்கவில்லை. நான் சோம்பேறியா டீச்சர்?
– தெஹிவளை வாசகி

சோம்பேறிகள் சங்கத்தில் உங்களுக்கு முன்னால் பெரிய வரிசையே நிற்கிறது, தங்கச்சி. 2011இல் ஸ்டான்ஃபர்ட் பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகத்துக்கே இலவசமாகத் திறந்தபோது பதிந்தவர்கள் சுமார் 160,000 பேர். கடைசிவரை போனவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அதுகூட நல்ல கணக்கு. பிறகு வந்த பல கோர்ஸ்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட முடிப்பதில்லை. பதிவதற்கு ஒரு நிமிடமும் ஒரு ஈமெயிலும் போதும் என்றால் யார்தான் பதியமாட்டார்கள்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். வீடியோ ஓடும்போது உங்கள் கையில் பேனை இருந்ததா? நான் கரும்பலகையில் கணக்குச் செய்யும்போது கடைசி வாங்குவரை எல்லாத் தலையும் ஆடும். "விளங்கிச்சா?" என்றால் "ஓம் டீச்சர்". அடுத்த கணக்கை நீங்களே செய்யுங்கள் என்றதும் வகுப்பே ஜன்னலைப் பார்க்கும். வீடியோவுக்கு முன்னாலும் எல்லோரும் நன்றாகத்தான் தலையாட்டுகிறோம்.

ஒரு கோர்ஸை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். அதே கோர்ஸில் ஒரு சிநேகிதியையும் இழுத்து விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன் எடுத்து "எது வரைக்கும் வந்தாய்?" என்று கேட்பாளே, அந்தப் பயம் நல்லது.

கேள்வி: பிரிட்ஜ், ஏ.சி. திருத்தும் வேலை செய்கிறேன். பாஸிடமும் யூடியூபிலும் பழகியது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஒன்லைன் கோர்ஸ் ஒன்றைச் செய்து அந்தச் சான்றிதழைக் காட்டலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

காட்டலாம் தம்பி, ஆனால் கேஸ் அடிக்கத் தெரியும் என்பதற்கு அது சாட்சியாகாது. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. அனுபவத்தால் தொழில் பழகியவர்களைச் சோதித்து என்.வீ.கியூ. கொடுக்கும் முறை இலங்கையில் உண்டு. முன்கற்றல் அங்கீகாரம் என்பார்கள். வகுப்புக்குப் போய் உட்காரத் தேவையில்லை. மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், செய்த வேலைகளுக்கு ஆதாரம் கொடுக்க வேண்டும். பாஸிடம் கடிதம் கேளுங்கள், வேலைத்தளத்துப் படங்களை ஒரு கோப்பில் சேருங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, தொழில் பழகுநர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைட்டாவிலோ விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஒன்லைன் கோர்ஸை வேறொரு காரணத்துக்காகச் செய்யுங்கள். ஆர்-22 என்ற குளிரூட்டும் வாயுவுக்குப் பழகிய கை ஆர்-32ஐயும் அதே மாதிரித் தொடக்கூடாது, அது தீப்பற்றக்கூடியது. யூடியூபில் இரண்டையும் ஒன்றாகவே கையாளும் வித்துவான்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒழுங்கான கோர்ஸில் முதலில் பாதுகாப்பைச் சொல்லித் தருவார்கள்.

கேள்வி: ஒன்லைனில் எல்லாம் படிக்கலாம் என்றால் டீச்சர்மார் எதற்கு?
– பத்தாம் வகுப்பு மாணவன், பம்பலப்பிட்டி

வீட்டுவேலை செய்தாயா என்று கேட்பதற்கு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழில் உன் வகுப்புப் பாடங்கள் இருக்கின்றன. கணிதத்தில் ஒரு பாடத்தை எடுத்து, பயிற்சியைச் செய்து, விடைகளை எனக்கு அனுப்பு. பிழைகளுக்குச் சிவப்புப் பேனையால்தான் பதில் வரும்.