கெர்னலில் கை வைப்பதற்கு முன் கணக்குப் பாருங்கள்

கேள்வி: டீ ஃபாக்டரியில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். இலை வாட்டும் ட்ரஃப்களில் வெப்பம், ஈரப்பதம் பார்க்க 24 சென்சார்கள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஆர்எஸ் 485 லைனில், மோட்பஸ் என்ற கேள்வி-பதில் முறையில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். லைனைப் படிக்க ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), அது போக சென்சாருக்கு ஒரு த்ரெட். இந்த 24-ம் 1 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எழுந்து, தனக்குப் புது அளவு வந்திருக்கிறதா என்று பார்க்கும். விஎம்ஸ்டாட் கட்டளையைப் போட்டால் சிஎஸ் பத்தியில் (சிபியூ ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச்) நொடிக்கு 40,000-க்கு மேல் காட்டுகிறது, போர்டு எந்நேரமும் சூடாகவே இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் டிக்கை (அதன் கடிகாரம் நொடிக்கு எத்தனை தடவை அடிக்கிறது என்பதை) 100-க்குக் குறைத்து கம்பைல் செய்யச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். டிக்கைக் குறைத்தாலும் அந்த 40,000 அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் உங்கள் த்ரெட்கள் தூங்கி எழுவது டிக்கை நம்பி இல்லை, இன்றைய லினக்ஸில் அதை ஹை ரெசல்யூஷன் டைமர் பார்த்துக்கொள்கிறது, நீங்கள் 1 மில்லிசெகண்ட் கேட்டால் அது கிட்டத்தட்ட அதே நேரத்தில் எழுப்பிவிடும். 24 த்ரெட், நொடிக்கு ஆயிரம் தடவை, ஒவ்வொரு தடவையும் உள்ளே வர ஒரு ஸ்விட்ச், வெளியே போக ஒரு ஸ்விட்ச். 48,000. உங்கள் திரையில் தெரிகிற எண் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டதா? ஒரு ஸ்விட்சுக்கு 3 மைக்ரோசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 144 மில்லிசெகண்ட், அதாவது சிபியூவின் ஒரு கோருடைய நேரத்தில் ஏழில் ஒரு பங்கு, ஒரு வேலையும் நடக்காமலே போகிறது. சூட்டுக்குக் காரணமும் பெரும்பாலும் இதுதான், எந்தக் கோரையும் நீங்கள் ஆழ்ந்து தூங்க விடுவதில்லை.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சிஸ்ஸ்டாட் பேக்கேஜைப் போட்டு, பிட்ஸ்டாட் கட்டளையை டபிள்யூ ஆப்ஷனோடு ஓட்டினால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் இரண்டு எண்கள் வரும் (டி ஆப்ஷனையும் சேர்த்தால் த்ரெட் வாரியாகக் கிடைக்கும்). ஒன்று, புரோகிராம் தானாகவே சிபியூவை விட்டுக்கொடுத்த தடவைகள். மற்றது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கெர்னல் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுத்த தடவைகள். முதலாவது மலைபோல ஏறியிருந்தால் கோளாறு புரோகிராமில் இருக்கிறது. ஷெட்யூலர் (யார் எப்போது ஓடுவது என்று தீர்மானிக்கும் கெர்னல் பகுதி), டிக் என்று தேடுவது இரண்டாவது எண் பெரிதாக இருந்தால்தான். உங்களுக்கு முதல் எண்தான் ஏறியிருக்கும்.

இப்போது லைனைப் பாருங்கள். 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்) ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட் போக 1 மில்லிசெகண்டுக்குச் சற்று மேலே ஆகும். மோட்பஸில் கேள்வி 8 பைட், வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பதில் 9 பைட், நடுவில் விட வேண்டிய இடைவெளி வேறு. ஒரு சென்சாருக்கே 20 மில்லிசெகண்டுக்கு மேல், 24-ஐயும் சுற்றி வர அரை நொடிக்குக் குறையாது. அரை நொடிக்கு ஒருமுறை வரும் அளவுக்காக நொடிக்கு ஆயிரம் தடவை எட்டிப் பார்க்கிறது உங்கள் த்ரெட். இலை வாடுவதோ பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை!

அந்த 24-ஐயும் எடுத்துவிடுங்கள். லைனைப் படிக்கிற த்ரெட் ஒன்று போதும், வரிசையாகக் கேட்டு அளவுகளை ஒரு அட்டவணையில் போடட்டும். ஃபேனைக் கட்டுப்படுத்தும் பகுதி நொடிக்கு ஒருமுறை அந்த அட்டவணையைப் பார்த்தால் தாராளம். பிற்பாடு வேறு லைன்களும் சேர்ந்தால் லினக்ஸின் ஈபோல் வசதியைக் கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் காத்திருக்கலாம். சிஎஸ் எண் சில நூறுக்கு இறங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நைட் ஷிப்டில் ட்ரஃப் முழுக்க இலை கிடக்கும்போது, நீங்கள் கம்பைல் செய்த கெர்னல் பூட் ஆகவில்லை என்றால் யார் வந்து பார்ப்பது? ஓடிக்கொண்டிருக்கும் ஃபாக்டரியில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஸ்விட்ச் செலவைக் குறைக்க கெர்னலுக்குள் என்னதான் செய்திருக்கிறார்கள்? எங்கள் பாடத்தில் ரெஜிஸ்டரை (சிபியூவுக்குள் இருக்கும் சின்ன நினைவிடம்) சேமிப்பதோடு முடித்துவிட்டார்கள்.
– கல்லூரி மாணவி, ஊட்டி

பதில்: ரெஜிஸ்டர் சின்னச் செலவு. பெரிய செலவு அதற்குப் பிறகுதான் வரும். புதிய புராசஸ் (ஓடும் புரோகிராம்) வந்ததும், அதன் முகவரிகள் மெமரியில் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பேஜ் டேபிள் மாறுகிறது, அதோடு முகவரி மாற்றங்களை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பி காலியாகிவிடும், சிபியூ பக்கத்தில் வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தில் இருப்பதும் பழைய ஆளின் டேட்டா. ஒரே புராசஸின் த்ரெட்களுக்குள் மாறினால் பேஜ் டேபிளைத் தொடவே வேண்டாம். கெர்னல் த்ரெட் வந்தால் அதற்கென்று தனி டேபிள் கிடையாது, முன்னால் ஓடியவருடையதையே இரவல் வாங்கி ஓட்டிவிடும், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஆர்ம் சிப்களில் டிஎல்பி பதிவு ஒவ்வொன்றுக்கும் இது இன்னாருடையது என்று ஏசிட் என்ற அடையாள எண் உண்டு, அதனால் மாறும்போதெல்லாம் காலி செய்ய வேண்டியதில்லை. இன்டெல்லில் அதே வசதிக்குப் பெயர் பிசிஐடி. சிப்பில் 2010 வாக்கிலேயே வந்துவிட்டாலும் லினக்ஸ் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது 2017-ல், 4.14 பதிப்பில். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து, அதை அடைக்க, புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் பேஜ் டேபிளை மாற்ற வேண்டி வந்தபோது, பிசிஐடி இல்லாத பழைய சிப்கள்தான் அதிகம் அடி வாங்கின.

மிச்சம் பிடிக்கப் போய் கைவிட்டதும் உண்டு. தசமக் கணக்குக்கான ஃப்ளோட்டிங் பாயின்ட் ரெஜிஸ்டர்களை அடுத்தவர் கேட்கும்வரை மாற்றாமல் விட்டுவைப்பது பழைய வழக்கம். புதிய சிப்களில் உடனே மாற்றுவதே மலிவாகிவிட்டதால் லினக்ஸ் அதை நிறுத்தியது. அப்படி விட்டுவைத்தால் ஒரு புராசஸின் ரகசியம் இன்னொன்றுக்குக் கசியும் என்பது 2018-ல் தெரியவந்தது.

கேள்வி: ராத்திரியில் வீடியோ கன்வெர்ட் செய்யப் போடுகிறேன். நைஸ் மதிப்பைக் கூட்டினால் ஸ்விட்ச் குறையுமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: நைஸ், சிபியூ நேரத்தில் ஒரு வேலைக்குக் கிடைக்கும் பங்கைத்தான் மாற்றும், ஸ்விட்ச் எண்ணிக்கை குறையும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சிஹெச்ஆர்டி கட்டளையில் பேட்ச் வகையைக் கொடுத்து ஓட்டுங்கள். அப்புறம் அது தூங்கி எழும்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலையைத் தள்ளிவிட்டு உள்ளே வராது. ஆனால் மெஷினில் அந்த நேரத்தில் வேறெதுவும் ஓடவில்லை என்றால் இதுவும் தேவையில்லை, முதலில் பிட்ஸ்டாட் போட்டுப் பாருங்கள்.