அடுத்தடுத்த இரண்டு எண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறிப் போய், ஏறக்குறையப் பத்து வருடம் கழித்து மூன்று பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர்கள். தாத்தாவின் ஒப்பந்தம் முடிந்ததற்கான சீட்டு ஒன்று வீட்டுப் பெட்டியில் இருந்தது. அதில் ஒரு லட்சத்தைத் தாண்டிய ஓர் எண் இருக்கிறது. அதை வைத்து என் தம்பி கப்பல் பட்டியலில் தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டான். அவருடைய ஊரும் தகப்பனார் பெயரும் சரியாகவே இருக்கின்றன. அதற்கு அடுத்த எண்ணில் ஒரு பெண் இருக்கிறார். அவர் பெயர் வீட்டில் நாங்கள் கேட்டறிந்த பெயரல்ல. தாத்தா வட ஆற்காடு, அந்தப் பெண் தஞ்சாவூர் மாவட்டம். சாதியும் வேறாக எழுதப்பட்டிருக்கிறது. பாட்டி தாத்தாவுக்குச் சொந்த அத்தை மகள் என்றும், ஊரில் கல்யாணம் முடித்த பிறகுதான் இருவரும் புறப்பட்டார்கள் என்றும் எங்கள் வீட்டில் சொல்லி வந்திருக்கிறார்கள். பெரியப்பா கோபப்பட்டு, இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார். அந்தப் பெண்தான் எங்கள் பாட்டியா? அதை எப்படி உறுதி செய்வது?

க., ஆரணி

அன்புள்ள க.,

அந்தப் பெண் யார் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த எண்கள் எப்படி வழங்கப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், 1911-இல் ஆளனுப்புவது நிறுத்தப்படும் வரை, 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொடர் எண் உண்டு. எண் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் அவர் 1900-க்குப் பின் போனவர் என்று ஐயமின்றிச் சொல்லலாம். பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். ஒரு குடும்பமாகப் பதிவானவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கிடைப்பது வழக்கம். ஆனால் அடுத்தடுத்த எண் பெற்றவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்று ஆகிவிடாது. வரிசையில் பக்கத்தில் நின்ற இருவராகவும் அவர்கள் இருக்கலாம்.

ஆகவே முதலில் முதலாளியின் பெயர் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். கணவன் மனைவியைப் பிரித்து வெவ்வேறு தோட்டங்களுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. இருவருக்கும் முதலாளி வேறு வேறு என்றால் அந்தப் பெண்ணை அத்துடன் விட்டுவிடலாம். ஒரே முதலாளி என்றால், அவர்கள் தம்பதியாகப் பதிவு செய்யப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கப்பலில் வந்த பலர் ஒரே தோட்டத்துக்குப் போனதும் உண்டு.

தம்பதியாகத்தான் பதிவானார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மாவட்டமும் சாதியும் வேறாக இருப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை முகவர்களுக்கு இருந்தது. குடும்பத்தோடு புறப்பட்டவர்களை மட்டும் கொண்டு அந்தக் கணக்கை நிறைவு செய்ய இயலவில்லை. தனியாக வந்த பெண்களும் தனியாக வந்த ஆண்களும் சென்னை டிப்போவில் (கூலிகளைத் தங்கவைத்த இடம்) கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் ஒருவரையொருவர் துணையாக ஏற்றுக்கொண்டு, கணவன் மனைவி என்று பெயர் கொடுத்துக் கப்பல் ஏறியது பரவலாக நடந்தது. தனித்துப் போகும் பெண்ணுக்கு அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. இப்பெண்களைப் பற்றி அக்கால அதிகாரிகள் எழுதிவைத்த இழிவான குறிப்புகளை நீங்கள் எங்காவது வாசிக்க நேரலாம். அவற்றுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. டிப்போவில் தொடங்கி, தோட்டத்தின் பத்து வருடங்களைத் தாண்டி, மூன்று பிள்ளைகளோடு திரும்பி வந்த ஒரு இல்லறத்தை எந்த அதிகாரியின் ஒற்றை வரிக் குறிப்பும் குறைத்துவிட முடியாது.

சாதிக் கட்டத்தையும் வயதுக் கட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். வயது பெரும்பாலும் உத்தேசமாகப் போட்டது. சாதி என்ற கட்டத்தில் குமாஸ்தா தனக்குச் சொல்லப்பட்டதை, தனக்குப் புரிந்த விதத்தில் எழுதினார். கிராமமும் தகப்பனார் பெயரும்தான் அதிகம் பயன்படுபவை.

உங்கள் தம்பியின் தேடலில் இதுவரை கவனிக்கப்படாத செல்வம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். குடும்ப வரலாறு தேடும் நாம் பெரும்பாலும் ஆண்வழியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறோம், மனைவியரை ‘இன்னாரின் சம்சாரம்’ என்று பக்கத்தில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஊரைவிட்டு நகராத உங்கள் மற்றக் கொள்ளுப்பாட்டிகளின் தகப்பனார் பெயரைச் சொல்லக்கூடியவர் இன்று உங்கள் வீட்டில் எத்தனை பேர்? நேட்டால் பட்டியல் பெண்ணுக்கும் தனி எண்ணும் தனி வரியும் கொடுத்திருக்கிறது. அவளுடைய தகப்பன் யார், எந்தத் தாலுகா, எந்தக் கிராமம், கையில் என்ன வடு என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கின்றன. கூலியைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்ட ஆவணம் அது; நமக்கு உதவுவதற்காக யாரும் அதை எழுதவில்லை. ஆயினும், ஒரு தம்பதியைத் தேடும்போது இரண்டு பேரையும் தனித்தனியே தேட வழிவிடும் ஆவணங்கள் நம்மிடம் அதிகம் இல்லை என்பதால், தாத்தாவின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணின் எண்ணைத் தனியாக எடுத்துத் தேடுங்கள்.

நேட்டாலில் நடந்த மணம், பிறப்பு, இறப்பு ஆகியவை இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும் என்று 1891-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டம் விதித்தது. அவர்கள் அழைத்து வந்த மூன்று பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்கள் என்றால், அவர்களுடைய பிறப்புப் பதிவில் தாய் என்று யார் காட்டப்படுகிறார் என்பது உங்கள் கேள்விக்கு நேரடியான விடையாக இருக்கும். அந்த அலுவலகத்தின் கோப்புகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் தலைப்புகளைத் தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடுபொறியில் தேடலாம். கூலி தராதது, அடித்தது, ரேஷன் குறைத்தது போன்ற புகார்களும், ஊருக்குப் போக அனுமதி கேட்ட மனுக்களும் அக்கோப்புகளில் இருக்கின்றன. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேட வேண்டாம். முனியம்மா என்ற ஒரு பெயரையே குமாஸ்தாக்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். எண்ணைக் கொண்டு தேடுவதே உறுதியானது.

இனி ஊர்ப் பக்கத்துக்கு வருகிறேன். காப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்பே உங்கள் வீட்டில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் திரும்பிய பிறகு காது குத்தியிருந்தால், தாய்மாமன் மடி யாருடையது? கொள்ளுப்பாட்டி காலமானபோது பிறந்த வீட்டுக் கோடி (இறந்தவருக்குப் போடும் புதுத் துணி) போட்டவர் யார்? சொந்த அத்தை மகள் என்றால் தாய்மாமன் வீடு அருகிலேயே, அறிந்த உறவாகவே இருந்திருக்க வேண்டும். கோடி போட ஓடி வந்திருப்பார்கள். அப்படி ஒருவரும் நினைவில் இல்லை என்றாலோ, பங்காளி ஒருவர் தாய்மாமன் இடத்தில் அமர்ந்து முறை செய்தார் என்ற செய்தி கிடைத்தாலோ, அந்தப் பெண்ணின் பிறந்த வீடு எட்ட முடியாத தொலைவில் இருந்தது என்று கருத இடமுண்டு. தஞ்சாவூர் மாவட்டம் அன்று அத்தகைய தொலைவுதான். இவை சான்றுகள் ஆகமாட்டா என்பது உண்மை. ஆனால் எழுதாத காரியங்களை முறைகள் நினைவில் வைத்திருக்கும். முறை செய்ய ஆளில்லாத வீட்டின் சங்கடத்தைப் பெண்கள் எளிதில் மறப்பதில்லை. பாட்டியின் இறுதிக் காலத்தைப் பார்த்த அத்தைமார் யாரேனும் இருந்தால், பெரியப்பாவிடம் கேட்பதற்கு முன் அவரிடம் கேளுங்கள். பாட்டியின் கையில் வடுவோ பச்சைக்குத்தோ இருந்ததா என்பதையும் கேட்டுப் பட்டியலில் இருக்கும் அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு நிலமோ மனையோ வாங்கியிருந்தால் பத்திரம் இருக்கும். கணினியில் எடுக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பின்னால் போகாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகங்களில் தேட மனுப் போட வேண்டும். பாட்டி பெயரில் எழுதியிருந்தால், ‘இன்னார் குமாரத்தி’ என்றோ ‘இன்னார் பாரி’ (மனைவி) என்றோ அதில் குறித்திருப்பார்கள். குமாரத்தி என்று இருந்தால் கப்பல் பட்டியலில் உள்ள தகப்பன் பெயரோடு ஒத்துப்பார்க்கலாம்.

அவர்கள் ஏன் திரும்பினார்கள் என்பதற்கு உங்கள் வீட்டில் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கடிதத்தில் இல்லை. 1895-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தவர்கள் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் ஒப்பந்தம் போட வேண்டும், அல்லது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். முதல் வருடத்தில் மாதக் கூலி பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. மூன்று பவுண்டு என்பது ஓர் ஆணின் ஆறு மாதக் கூலி. பெண்ணும் அந்த வரியை முழுதாகவே கட்ட வேண்டும். அவளுக்கு அது ஒரு வருடக் கூலி. பிள்ளைகள் வளர்ந்தால், பதினாறு வயதான ஆண்பிள்ளைக்கும் பதின்மூன்று வயதான பெண்பிள்ளைக்கும் தனி வரி. 1914-இல்தான் அது நீக்கப்பட்டது. பத்து வருடக் கணக்கைப் பார்த்தால், ஒரு முறையேனும் மறு ஒப்பந்தம் போட்டுவிட்டுப் பிறகு புறப்பட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. ‘சம்பாதித்துத் திரும்பினார்கள்’ என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லப்பட்டிருந்தால், இந்தக் கணக்கையும் அருகில் வைத்துப் படியுங்கள்.

பெரியப்பாவின் கோபம் சாதிக் கட்டத்தைப் பார்த்து வந்தது என்பதை நாம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை. அவரிடம் வாதாடி வெல்ல முயல வேண்டாம் என்பதே என் கருத்து. அதே நேரத்தில் அவர் சொல்கிறார் என்பதற்காகத் தேடலையும் நிறுத்த வேண்டாம். அத்தை மகள் என்ற கதையைக் கட்டியவர்கள் ஒருவேளை அந்தத் தம்பதியே ஆக இருக்கலாம். மூன்று பிள்ளைகளோடு ஊருக்குள் நுழையும்போது, இவள் யார் என்ற கேள்விக்கு ஊர் ஏற்கக்கூடிய ஒரு விடை அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கும். அப்படியானால் அது அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவர்களுடைய வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு. பட்டியலில் இருப்பதை ஒரு தாளிலும், வீட்டில் சொல்லிவந்ததை இன்னொரு தாளிலும், சொன்னவர் பெயரோடு எழுதி வையுங்கள். ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க வேண்டாம்.

கோடி போட்டவர் யார் என்பது தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். டர்பனுக்கு எழுதும்போது இரண்டு எண்களுக்கும் இரண்டு தனித்தனி விண்ணப்பங்கள் அனுப்புங்கள். ஒரே விண்ணப்பத்தில் கேட்டால் ஆணின் கோப்பை மட்டும் எடுத்துப் பார்த்து விடை எழுதிவிடக்கூடும்.