பாலையில் உடன்போக்கு

அன்புள்ள சார்,

ஜெய்சால்மருக்குக் காரில் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் கணவர் உரக்க வாசித்துக் காட்டினார். அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. டிசம்பர் விடுமுறையில் எங்கள் சின்னக் காரிலேயே தார் பாலைவனத்துக்குக் கிளம்பவேண்டும் என்கிறார். "மணலைப் பார்க்க எண்ணூறு கிலோமீட்டரா? துவாரகாவில் இல்லாத மணலா?" என்கிறார் மாமியார். எனக்கு வேறு பயம். வழியெல்லாம் வெட்டவெளி, ஆறு நாள் ஒரே காருக்குள் இரண்டு பேர். திரும்பி வரும்போது பேச்சுவார்த்தை இருக்குமா? நம் இலக்கியத்திலேயே பாலை என்றால் பிரிவுதானே!

ஒரு வாசகி, துவாரகா, புது டெல்லி

அன்புள்ள வாசகிக்கு,

பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது சரிதான். ஆனால் தலைவனும் தலைவியும் ஊருக்குத் தெரியாமல் கிளம்பிப்போகும் உடன்போக்கும் அந்தத் திணையில்தான் வருகிறது. வீட்டில் இருந்துகொண்டு "இந்த வெயிலில் எப்படி நடப்பாளோ" என்று புலம்பும் செவிலித்தாயும் அதிலேயே உண்டு. உங்கள் மாமியார் அந்த இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார், அவ்வளவுதான். போய் வாருங்கள்.

முதலில் கார். தாராளமாகப் போதும். எல்லைப் பக்கத்துச் சாலைகள் ராணுவ வண்டிகளுக்காகப் போட்டவை. மயூர் விஹாரில் என் வீட்டு வாசல் சாலையைவிட நன்றாக இருக்கின்றன. ஒரே நாளில் ஜெய்சால்மர் என்று கணவர் கணக்குப் போட்டால் விடாதீர்கள். பிகானேரில் ஒரு ராத்திரி தங்குங்கள். இருட்டிய பிறகு ஓட்டவேண்டாம், மாடும், நீலான் என்கிற பெரிய காட்டு மானும் நடுரோட்டில் நிற்கும். மறுநாள் வழியில் பலோடி வரும். 2016 மே மாதம் 51 டிகிரி வெயில் அடித்த ஊர். டிசம்பரில் அங்கே காதை மூடிக்கொண்டு டீ குடித்தோம்.

ஜெய்சால்மர் கோட்டையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் 'சம்' என்ற ஊர் மணல்மேட்டில் கூடாரம் போட்டுத் தங்குவதை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி. அதைக் கேட்க லாஜ்பத் நகர் கல்யாண மண்டபமே போதும்.

பார்க்கவேண்டியது கடீன், மழைத்தண்ணீரைத் தேக்கி விவசாயம் செய்யும் பழைய முறை. வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத பூமி அது. பாலிவால் பிராமணர்கள் அங்கே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவித்திருக்கிறார்கள். கல்லுமேட்டில் விழும் மழை பள்ளத்துக்கு ஓடிவரும் இடத்தில் குறுக்கே ஒரு மண்கரை, வேலை அவ்வளவுதான். நாம் ஏரியில் தண்ணீரைத் தேக்கி, மதகைத் திறந்து வெளியே இருக்கும் வயலுக்கு விடுவோம். அவர்கள் ஏரிக்குள்ளேயே விதைத்தார்கள். தேங்கிய தண்ணீரை மண் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஐப்பசி கார்த்திகை வாக்கில் அந்த ஈரத்தில் விதைப்பு. மேற்கொண்டு மழை வேண்டியதில்லை. பாலிவால்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விட்டுப்போன குல்தாரா கிராமத்தைப் பேய் ஊர் என்று காட்டி நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். எனக்கு அங்கே பேயைவிட இந்தக் கரைகள்தான் ஆச்சரியம். இன்னும் சில இடங்களில் விதைக்கிறார்கள். நாங்கள் போனபோது பழுப்பு நிலத்துக்கு நடுவில் ஒரு துண்டு கொண்டைக்கடலைச்செடி பச்சையாக நின்றது. என் மனைவி தஞ்சாவூர்க்காரி. கரைமேல் ஏறி நின்றவளை இறக்க அரைமணி நேரம் ஆயிற்று.

அப்புறம் தனோட். ஜெய்சால்மரிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். எல்லைப் பாதுகாப்புப் படை வீரர்களே நடத்தும் அம்மன் கோயில். 1965 போரில் விழுந்து வெடிக்காமல் போன குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். போகும்போது ராம்கட்டில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் நம்பிப் போக ஒன்றும் கிடையாது. போன் சிக்னலையும் நம்பவேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட சண்டை விஷயம். போன கட்டுரையில் நான் எழுதாமல் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

தனோட்டிலிருந்து, 1971 போர் நடந்த லோங்கேவாலாவுக்குப் போகும் சாலையில் ஒரு வன்னி மரம். ராஜஸ்தானின் மாநில மரமே அதுதான். அவர்கள் கேஜ்ரி என்பார்கள். நமக்கு விருத்தாசலத்தில் தலமரம், அவர்களுக்குச் சாப்பாடு. அதன் காயைக் காயவைத்தால் பார்க்கக் கொத்தவரை வற்றல் மாதிரியே இருக்கும். கம்பு ரொட்டிக்கு அபாரம். சரி, கதைக்கு வருகிறேன். சாலையிலிருந்து இருபதடி தள்ளி நின்ற அந்த மரத்தடியில் கட்டுச்சாதம் சாப்பிடலாம் என்று வண்டியைத் திருப்பினேன். "வேண்டாம், மணல் பொலபொலன்னு இருக்கு" என்றாள் மனைவி. திருப்பியாகிவிட்டது. பத்தடியில் முன்சக்கரம் இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அது தனக்குத்தானே குழி வெட்டிக்கொண்டு, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்து நின்றேன். ஒன்றுமே சொல்லவில்லை.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஹவா நிகாலோ" என்றார். காற்றை இறக்கினால் டயர் பரந்து உட்கார்ந்து மணல்மேல் நிற்கும். இவள் கொண்டை ஊசியால் வால்வை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 33 பி.எஸ்.ஐ. இருந்த அழுத்தம் 18 வரை இறங்கியது. நானும் பெரியவரும் கையாலேயே மணலை வாரினோம். தரைவிரிப்பை உருவிச் சக்கரத்துக்கு முன்னால் செருகினோம். இரண்டாம் கியரில், மிதிக்காமல், தவழ்வதுபோல ஏறிவந்தது. ஒன்றேகால் மணி நேரம். வண்டியில் சொருகும் சின்னக் காற்று பம்ப்பை வாங்கி வைத்திருந்தவளும் அவள்தான், "இதெல்லாம் தண்டச் செலவு" என்று டெல்லியில் சொன்னவன் நான்தான்.

கட்டுச்சாதத்தைப் பெரியவரோடு பகிர்ந்து சாப்பிட்டோம். புளியோதரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். நம் பாட்டுகளில் வழியில் பார்த்தவர்கள் பேசும் 'கண்டோர் கூற்று' என்று ஒன்று வருமே, அவர் கூற்று இது: "இனிமேல் வண்டியை அம்மா ஓட்டட்டும்." லோங்கேவாலா வரைக்கும் அவளே ஓட்டினாள்.

பேச்சுவார்த்தை நின்றது ஊர் திரும்பிய பிறகு, அதுவும் இரண்டே நாள். அந்தத் தரைவிரிப்பு, காருக்காக அவள் தேடித்தேடி வாங்கிய புதுசு. நீங்கள் பழையதைப் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்.