மகள் மார்பகப் புற்றுநோய் டாக்டராக வேண்டும் என்கிறாள், விடலாமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ படிக்கும் மகள் மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டராகத்தான் ஆவேன் என்று நிற்கிறாள், தினமும் சாவைப் பார்க்கிற வேலை நம் பிள்ளைக்கு எதற்கு, படித்து முடிக்கவே முப்பது வயதாகிவிடுமே, கல்யாணம் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே நியாயமான கவலைதான். முதலாவதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். 2022-ல் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பேருக்குப் புதிதாக வந்ததாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலானவர்கள் குணமாகிவிடும் நோய் இது. அதனால் இந்த டாக்டரின் ஓபி-யில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால், சிகிச்சையெல்லாம் முடித்துவிட்டு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை ஐந்து வருடம், பத்து வருடம் என்று சாப்பிட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டி, மகள் கல்யாணப் பத்திரிகையையும் டாக்டர் கையில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். சாவும் உண்டு, மறைக்கவில்லை. கட்டி தெரிந்தும் வெட்கத்தாலோ செலவுக்குப் பயந்தோ மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருந்து, புண்ணான பிறகு வந்து சேரும் பெண்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வலியைக் குறைப்பதும் உண்மையைச் சொல்வதும் இதே டாக்டரின் வேலை. அது பாரம்தான்.

சரி, அந்த டாக்டர் அப்படி என்னதான் செய்கிறார்? ஒரு பெண் கட்டியோடு வருகிறார் என்று வையுங்கள். தொட்டுப் பார்த்து, மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுத் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். புற்றுநோய் என்று வந்தால் அதோடு முடியாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களை ஏற்கும் தன்மை, ஹெர்-2 என்ற புரதம் ஆகியவை கட்டியில் இருக்கிறதா என்று பார்க்கும் மூன்று பரிசோதனை இருக்கிறது, அதன் முடிவைப் பொறுத்துத்தான் எந்த மருந்து பிடிக்கும் என்பது. முதலில் அறுவையா, இல்லை கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவையா? மார்பகத்தை முழுதாக எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதுமா? ஒரு காலத்தில் மார்பகத்தோடு அடியில் இருக்கும் தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். 1970-களில் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் தொடங்கிய ஆய்வுகள், ஆரம்ப நிலையில் வந்தவர்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று காட்டின. அதனால் இன்றைக்கு இதையெல்லாம் நோயாளியிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அவரிடம் ஒருமுறை, வீட்டுக்காரரிடம் ஒருமுறை, அப்புறம் போனில் அண்ணனிடம் ஒருமுறை என்று ஒரே விஷயத்தைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

கீமோவில் சிவப்பாக ஒரு மருந்து உண்டு. அது ஏறிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று ராத்திரி வீடே அலறிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். இதையெல்லாம் அந்தப் பெண்ணுக்குப் புரிகிற பேச்சில் சொல்லத் தெரிந்தவர்தான் என் கணக்கில் நல்ல டாக்டர். உங்கள் மகளிடம் நீங்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் போய் உட்காருகிறாளா, பாட்டி ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்டாலும் எரிச்சல்படாமல் பதில் சொல்கிறாளா என்று பாருங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருவதெல்லாம் பெரும்பாலும் பழகப் பழகப் போய்விடும்.

இப்போது படிப்புக்கு வருவோம். புற்றுநோய் டாக்டர் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே மூன்று பேர் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு ஐந்தரை வருடம், அது எல்லோருக்கும் பொது. அறுவை செய்பவர் அதன்பின் எம்.எஸ். மூன்று வருடம், எம்.சிஎச். மூன்று வருடம் படிக்க வேண்டும். கீமோ, மருந்து பக்கம் பார்ப்பவருக்கு எம்.டி. மூன்று, டி.எம். மூன்று. இரண்டிலுமே பதினொன்றரை வருடம் ஆகிவிடும், நடுவில் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் காலம் தனி. ஊரில் கரண்ட் வைப்பது என்பார்களே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை டாக்டருக்கு எம்.பி.பி.எஸ். முடித்து நேராக மூன்று வருட எம்.டி. இருக்கிறது, எட்டரை வருடத்தில் முடியும். ஏனோ இதைப் பெற்றோர் யாரும் யோசிப்பதே இல்லை. இடது மார்பில் நோய் உள்ள பெண்ணை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இதயம் சற்றுத் தள்ளிப்போகும் அந்த நேரத்தில் மட்டும் கதிர் பாய்ச்சும் நுணுக்கமான வேலையெல்லாம் இதில் இருக்கிறது. கணக்கும் இயற்பியலும் பிடித்த பிள்ளைக்கு இது அருமையான இடம்.

இந்த மூன்றில் எது என்பதைப் பதினேழு வயதில் முடிவு செய்யவே வேண்டாம். வார்டில் நின்று பார்த்தபின் மனசு தானாக ஒரு பக்கம் சாயும். பயிற்சி மருத்துவராக இருக்கும்போதே உதவித்தொகை வரும், மேற்படிப்பு முழுக்கவும் வரும், எனவே முப்பது வயதுவரை உங்கள் கையை எதிர்பார்த்தே இருப்பாள் என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கும் படிப்பு முடிய வேண்டும் என்பதில்லை, மேற்படிப்பு நடக்கும்போதே செய்துகொள்கிறவர்கள் ஏராளம். அவளாகச் சொல்லும்வரை அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தால் நல்லது.

பெண் பிள்ளைக்கு இந்தத் துறை சரிப்படுமா என்ற யோசனையும் உங்களுக்கு இருக்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கியவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெண்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அடுத்த வருடம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-ல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. மார்பைக் காட்ட ஆண் டாக்டரிடம் தயங்கும் பெண்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் மகளைப் போன்றவர்கள் இங்கே நிறைய தேவை.

பணம் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நிலத்தை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். வாங்காதீர்கள். அதன்பின் இன்னும் ஒன்று அல்லது இரண்டு கட்டப் படிப்பு பாக்கி இருக்கிறது, கடனோடு போகிறவர்களுக்கு அதற்குப் பொறுமை இருக்காது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் தமிழ்நாட்டில் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். ஒருமுறை நீட்டில் குறைந்தால் இன்னொரு வருடம் எழுதட்டும், அதற்கு மேல் அவள் மனநிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் புற்றுநோய் மருத்துவமனைக்குள் போக வேறு வழிகள் இருக்கின்றன. பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி, பி.எஸ்சி. நர்சிங் இரண்டும் உண்டு, இயற்பியல் படித்தால் பின்னால் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர் ஆகலாம். இந்தத் துணை மருத்துவப் படிப்புகளுக்கு, மருத்துவச் சேர்க்கையை நடத்தும் அரசின் தேர்வுக் குழு தனியாக விண்ணப்பம் வாங்கும். நீட் முடிவு வரட்டும் என்று இருந்தால் கடைசித் தேதி போய்விடலாம், அதனால் அறிவிப்பு வந்ததுமே அதையும் சேர்த்துப் போட்டு வையுங்கள்.