தோட்டத்துக்கு வாக்கி டாக்கி: ஹாம் லைசென்ஸ் எடுத்தால் போதுமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. வீடு ஊருக்குள், தோட்டம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஒரு மேடு. தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. கணவரும் வேலைக்கு வரும் இரண்டு பேரும் அங்கே போய்விட்டால் மோட்டார் ஓடுகிறதா, காட்டுமாடு இறங்கியிருக்கிறதா என்று எதுவும் தெரிவதில்லை. 'பத்து கிலோமீட்டர் எட்டும், லைசென்ஸ் தேவையில்லை' என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 3,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாக்கி டாக்கி வாங்கினேன். அதை வைத்திருப்பதே குற்றம் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். 15,000 ரூபாய் கொடுத்தால் பரீட்சை எழுதாமலே ஹாம் லைசென்ஸ் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். அது கையில் இருந்தால் இதே கருவியைத் தோட்டத்தில் தைரியமாகப் பயன்படுத்தலாமாம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பையனுக்கும் ஹாம் ரேடியோ மேல் ஆசை. அவனுக்கு 13 வயது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில், அந்த ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். ஹாம் லைசென்ஸ் என்பது, தொழிலுக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுகிறவர்களுக்கு அரசு தரும் அனுமதி. பரீட்சை இல்லாமல் அதை வாங்க இந்த நாட்டில் வழி இல்லை. அவர் தருவது போலிக் காகிதமாகத்தான் இருக்கும். மாட்டிக்கொள்ளும்போது காகிதத்தில் இருப்பது உங்கள் பெயர், அவர் பெயர் இல்லை.

அடுத்து, அந்த இரண்டு கருவிகளிலும் பேசும் பொத்தானை அமுக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி, பில்லோடு பெட்டிக்குள் வையுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நுணுக்கம் எல்லாம் வேண்டாம், ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கருவிக்கு ஓர் அனுமதி, ஆளுக்கு ஓர் அனுமதி. வண்டிக்கு ஆர்.சி., ஓட்டுகிறவருக்கு லைசென்ஸ் என்று இருக்கிறதல்லவா, அதைப் போல. விற்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் காசு பார்க்கிறார்கள். 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று பெட்டியில் போட்டிருந்தால் அது கருவியைப் பற்றிய பேச்சு. அதை நீங்கள் இயக்கலாமா என்பது வேறு கேள்வி.

நீங்கள் வாங்கியது என்ன மாடல் என்று எழுதவில்லை. ஆனால் அந்த விலைக்கு, 'பத்து கிலோமீட்டர்' என்ற வாசகத்தோடு வருவது பெரும்பாலும் பாவ்ஃபெங் போன்ற சீனக் கைக்கருவிதான். கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும், சக்தி ஐந்து வாட் என்றும் இருக்கும். அந்த எண்களுக்குள் கப்பல்களின் அவசர அழைப்பு அலைவரிசையும் இருக்கிறது, பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களின் அலைவரிசைகளும் இருக்கின்றன. எந்த எண்ணைத் தட்டினாலும் அது பாட்டுக்கு ஒலிபரப்பும். கெட்ட கருவி இல்லை, லைசென்ஸ் உள்ள ஹாம்கள் கையில் நன்றாக உழைக்கும். ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் கையில் அது இருப்பதே தவறு, பேசினால்தான் தவறு என்றில்லை. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்தே உரிமம் இன்றி டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்பது குற்றம். 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது சரி. அதுவும் வனத்துறை நடமாட்டம் உள்ள பகுதியில் இப்படி ஒரு கருவியோடு நிற்கிறவரை யாரும் விவசாயி என்று முதலில் நினைக்கமாட்டார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பல வருடங்களாக இந்தக் கருவிகள் பொம்மை விற்கிற மாதிரி ஆன்லைனில் விற்றுக்கொண்டிருந்தன. 2025 மே மாதத்தில்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விழித்துக்கொண்டு 13 விற்பனைத் தளங்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. பிறகு வழிகாட்டு நெறிமுறைகளும் வந்தன. சரி, வந்தது நல்லதுதான். ஆனால் இடைப்பட்ட காலத்தில் வாங்கிய ஆயிரம் பேர் வீட்டில் இருக்கிற கருவிகளுக்கு யார் பொறுப்பு? வாங்கியவர் தலையில்தான் விடிகிறது. அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதை ஒரு வரியில், தமிழில், பெட்டியின் மேல் அச்சிட வைப்பது அவ்வளவு கடினமான காரியமா?

நீங்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 'லைசென்ஸ் தேவையில்லை' என்ற அந்த விளம்பரப் பக்கத்தை, அது அழிக்கப்படும் முன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். தவறான விளம்பரம் என்று சொன்னால் போதும், அலைவரிசை விளக்கம் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

ஹாம் லைசென்ஸ் எடுத்தால் இதே கருவியைத் தோட்டத்தில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் முறையாகவே படித்துத் தேறினாலும் முடியாது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஹாம் என்பது கற்றுக்கொள்வதற்கும், பரிசோதனைக்கும், உலகம் முழுக்க உள்ள மற்ற ஹாம்களோடு பேசுவதற்குமான அனுமதி. தொழிலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. 'மோட்டாரை நிறுத்து, நாளைக்கு நான்கு ஆள் வரச் சொல்' என்பது தொழில். அதோடு, அந்த லைசென்ஸ் உங்களுக்குத்தான், உங்கள் வீட்டுக்கு இல்லை. மறுமுனையில் இருக்கும் கணவரும் தனியாகத் தேறியிருக்க வேண்டும், வேலைக்கு வருகிறவர்களும் தேறியிருக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை.

அப்படியானால் உங்களுக்கு வழி என்ன? ஒன்று இருக்கிறது, நேர்மையான, மலிவான வழி. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சிறு துண்டு அலைவரிசையை, 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்த சக்திக் கருவிகளுக்காக லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள். 'பி.எம்.ஆர். 446' என்று கேட்டு வாங்க வேண்டும். அரை வாட் வகைக் கருவி. பரீட்சை இல்லை, வருடக் கட்டணம் இல்லை, யார் வேண்டுமானாலும் பேசலாம், தோட்ட வேலையையும் பேசலாம். 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் இப்படி ஒரு விலக்கு உண்டு. கடைகளில் அந்தக் கருவி சுலபத்தில் கிடைக்காது, அதை விடுங்கள்.

இந்த 446 விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாதிப் பேர் ஏமாறுவது இதில்தான். 446 என்ற எண்ணில் பேசினாலே விலக்கு கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணில் மட்டுமே, குறைந்த சக்தியில் மட்டுமே இயங்கும்படி செய்யப்பட்டு, அதற்கான அங்கீகாரமும் பெற்ற கருவிக்குத்தான் விலக்கு. கடைக்காரர் உங்கள் ஐந்து வாட் கருவியை வாங்கி, கணினியில் சொருகி, 'இதோ 446 போட்டுவிட்டேன், இனிமேல் சட்டப்படி சரி' என்று திருப்பிக் கொடுப்பார். சரியில்லை. அது இன்னமும் ஐந்து வாட் கருவிதான், இரண்டு பொத்தானைத் தட்டினால் வேறு எண்ணுக்குப் போய்விடும். குறைந்த சக்திக்கு மாற்றித் தருகிறேன் என்பார். அப்போதும் சரியில்லை. நான் எடுக்கும் ஹாம் வகுப்புக்கு ஒருவர் இப்படி ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். முதுகில் 446 என்று அழகாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மீட்டரில் வைத்துப் பார்த்தால் 460-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதம் அதில்தான் பேசியிருக்கிறார், பாவம்.

அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுக்கும் ஜோடியும் இதே கதைதான். அங்கே குடும்பத்தோடு மலையேறப் போகிறவர்கள் கையில் இருப்பது 462, 467 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கருவி. அங்கே அது சட்டப்படி சரி, இங்கே சரியில்லை. 'வெளிநாட்டுச் சரக்கு, ஒரிஜினல்' என்பதால் இந்தியச் சட்டம் ஒதுங்கி நிற்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்துப் பாருங்கள். உண்மையான 446 கருவியில் ஆன்டெனாவைத் திருகிக் கழற்ற முடியாது, உடம்போடு சேர்ந்தே இருக்கும். எண்களைத் தட்டி அலைவரிசை மாற்றும் விசைப்பலகை இருக்காது, சேனல் ஒன்று, இரண்டு என்று 16 வரை அல்லது அதற்குள் இருக்கும். ஈ.டி.ஏ. எனப்படும் கருவி அங்கீகாரச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணும் கருவியின் முதுகில் உள்ள மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், அலைவரிசை 446.0 - 446.2 என்று இருக்க வேண்டும். நகல் தர மறுத்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 'பிரைவசி கோடு' இருக்கிறது, யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று சொல்லி ஐநூறு ரூபாய் அதிகம் கேட்பார்கள். அந்தக் கோடு அடுத்தவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். உங்கள் பேச்சு அடுத்தவருக்குக் கேட்பதைத் தடுக்காது.

அரை வாட் போதுமா என்ற சந்தேகம் வரும். பத்து கிலோமீட்டர் என்பது ஒரு மலை உச்சியில் நின்று எதிர் மலை உச்சியோடு பேசினால் வரும் கணக்கு. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், மேட்டுக்குள் புகுந்து வராது. வாட்டைப் பத்து மடங்கு கூட்டினாலும், வெட்டவெளியிலேயே தூரம் மூன்று மடங்கு சொச்சம்தான் கூடும். நடுவில் மலை நின்றால் அதுவும் இல்லை. உங்கள் சிக்கல் வாட் இல்லை, அந்த மேடு. இருவரும் மேட்டுக்கு இரு பக்கமும் பள்ளத்தில் நின்றால் நீங்கள் வாங்கிய கருவியிலும் கேட்டிருக்காது. வீட்டு மொட்டை மாடியில் நீங்களும், தோட்டத்தில் மேட்டின் சரிவில் கொஞ்சம் உயரமான இடத்தில் கணவரும் நின்று பேசிப் பாருங்கள். அந்த இடத்தை ஒரு கல் நட்டுக் குறித்துவைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு, மதியம் ஒரு மணிக்கு, மாலை நான்கு மணிக்கு அங்கே வந்து பேசுவது என்று வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். தோட்டத்துக்குள் ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ள அரை வாட் தாராளம். வாங்கும் முன் யாரிடமாவது ஒரு ஜோடி இரவல் வாங்கி நடந்து பார்ப்பது இன்னும் நல்லது. இதற்கு மேல் சக்தி வேண்டுமானால் நிறுவனங்களுக்கான தனி அலைவரிசை உரிமம் எடுக்க வேண்டும், வருடா வருடம் கட்டணம் உண்டு. ஆறு ஏக்கருக்கு அது கட்டுப்படியாகாது.

இனி உங்கள் பையன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். 12 வயது முடிந்தால் பரீட்சை எழுதலாம், அவன் தயார். இரண்டு நிலைகள் உண்டு. கீழ்நிலைக்கு மோர்ஸ் தந்தி தேவையில்லை. ரேடியோ எப்படி வேலை செய்கிறது, விதிகள் என்ன என்ற இரண்டு பகுதிகள்தான். தேறினால் வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது ரேடியோவில் அவனுடைய அடையாளப் பெயர், கிடைக்கும். பொதுநிலைக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் மோர்ஸ் வேண்டும், அதற்கு வி.யு.2. எட்டாம் வகுப்புப் பையன் கீழ்நிலையில் தொடங்கினால் போதும், மோர்ஸ் பின்னால் தானாக வரும். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். நீங்களே பூர்த்தி செய்யலாம், ஏஜெண்ட் தேவையே இல்லை. அரசுக் கட்டணம் அந்த ஆள் கேட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வராது.

பொறுமை மட்டும் வேண்டும். தேறிய பிறகும் அழைப்புக்குறிக்காக மாதக்கணக்கில் தினமும் இணையதளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பரீட்சை எழுதியபோது இருந்த ஆர்வம், காகிதம் கைக்கு வரும்போது பொதுத்தேர்வுப் பயத்தில் கரைந்திருக்கும். ஏஜெண்டுகள் பிழைப்பதே இந்தத் தாமதத்தால்தான். 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது அந்தமானில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. ஹாம் ஒலிபரப்புக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத்தின் குழுதான் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பியது. அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்கும் ஒரு பயிற்சிக்கு வருகிற பிள்ளையை வாசலிலேயே இத்தனை நாள் நிற்க வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

லைசென்ஸ் வரும் வரை அவனுக்கு டிரான்ஸ்மிட்டர் எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். திருப்பி அனுப்பப் போகும் அந்த ஜோடியையும் 'பின்னால் இவனுக்கு ஆகும்' என்று எடுத்து வைக்காதீர்கள். கேட்பதிலிருந்து தொடங்கட்டும். எஸ்.எஸ்.பி. வசதி உள்ள சிறிய ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்று போதும். அந்த வசதி இல்லாத ரேடியோவில் ஹாம்களின் பேச்சு வாத்து கத்துவது போலத்தான் கேட்கும், பார்த்து வாங்குங்கள். ஜன்னலிலிருந்து மரம் வரை பத்து மீட்டர் சாதாரண வயரைக் கட்டிவிட்டு, காலை நேரத்தில் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். தென்னிந்திய ஹாம்கள் அங்கே பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்ட ஒவ்வொரு அழைப்புக்குறியையும், நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும். விதிகள் பகுதியில் பாதி அந்த நோட்டிலேயே மனப்பாடமாகிவிடும்.

லைசென்ஸ் வந்ததும் அவன் முதலில் வாங்க வேண்டியது, சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், நீங்கள் வாங்கியது போன்ற கைக்கருவியாகவே இருக்கலாம். அப்போது அது அவன் பெயரில் உள்ள லைசென்ஸின் பேரில், 144 முதல் 146, 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் என்ற ஹாம் எல்லைக்குள் மட்டும் இயங்க வேண்டும். கொடைக்கானல் மலையில் ஹாம்கள் வைத்த ரிப்பீட்டரைப் பற்றிப் பழைய ஹாம்களைக் கேளுங்கள். கைக்கருவியின் மெல்லிய ஒலியை வாங்கி, உயரத்திலிருந்து சமவெளி முழுக்கத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. உங்கள் ஊர் அதே மலைத்தொடரில்தானே இருக்கிறது. எந்தப் பாறை மேல் நின்றால் அது எட்டும் என்று தேடுவது அவனுடைய முதல் வேலையாக இருக்கட்டும்.