‘பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்’ படத்தில் வரும் கர்னல் உண்மையில் யார்? அவர் ஜப்பானியருக்கு உதவினாரா?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ரயில் பாலம் கட்டுவதைப் பற்றிய படம் அது. அதில் அவர்களுக்குத் தலைமை தாங்குகிற கர்னல் நிக்கல்சன் கற்பனைப் பாத்திரம். ஆனால் அந்தப் பாலம் எழுந்த தாய்லாந்தின் தமர்க்கான் முகாமில் போர்க்கைதிகளுக்குத் தலைமை தாங்கிய பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி ஒருவர் இருந்தார். லெப்டினன்ட் கர்னல் பிலிப் டூசி. 1957-இல் படம் வந்த பிறகு உலகம் இருவரையும் ஒருவராகவே எண்ணத் தொடங்கியது. அவருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநியாயம் அது. என் பாட்டியின் அண்ணன் மலாயாத் தோட்டம் ஒன்றிலிருந்து அதே சயாம் ரயில் பாதைக்கு, அதாவது ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதைக்கு, வேலைக்குப் போனவர். அதனால் இந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

டூசி முழுநேரச் சிப்பாய் அல்லர். 1904-இல் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். பேரிங்ஸ் வங்கியின் லிவர்பூல் கிளையில் வேலை. 1927 முதல் பிராந்திய ராணுவத்தின் பீரங்கிப் பிரிவில் இருந்தார். வாரநாள்களில் வங்கி, ஓய்வு நாள்களில் பயிற்சி. போர் வந்ததும் பெல்ஜியம் போய், 1940-இல் டன்கர்க் கடற்கரை வழியாக உயிர் தப்பித் திரும்பினார். மறு ஆண்டு 135-ஆவது களப் பீரங்கி ரெஜிமெண்டின் தலைமை அவரிடம் வந்தது. 1942 ஜனவரியில் அந்தப் படை சிங்கப்பூரில் இறங்கியபோது மலாயாவின் பெரும்பகுதி ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. அங்கே அவர் போரிட்ட விதத்துக்காக டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது கிடைத்தது.

பிப்ரவரி 12-ஆம் தேதி மேலிடத்திலிருந்து அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. தீவு விழப்போகிறது, அனுபவமுள்ள அதிகாரிகள் சிலரைக் காப்பாற்றி வேறு போர்முனைக்கு அனுப்ப வேண்டும், நீ கப்பல் ஏறு என்றார்கள். டூசி மறுத்தார். கடுமையாகத் திட்டு வாங்கினார். அப்போது அவர் சொன்ன பதிலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. தான் பிராந்திய ராணுவத்துக்காரன் என்பதால் எந்த உத்தரவும் தனக்குப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்தான் என்றார். பின்வாங்கும்போது தளபதிதான் கடைசியாக வெளியேற வேண்டும் என்று பீரங்கிப் படைப் பயிற்சிக் கையேட்டின் இரண்டாம் பாகத்தில் எழுதியிருக்கிறது என்று எடுத்தும் காட்டினார். மூன்று நாள் கழித்து, 15-ஆம் தேதி, சிங்கப்பூர் சரணடைந்தது. தன் கன்னர்களோடு, அதாவது பீரங்கிச் சிப்பாய்களோடு, அவரும் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமுக்குப் போனார்.

அந்த ஆண்டு அக்டோபரில் அவரைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். காஞ்சனபுரிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், மூங்கிலும் ஓலையும் வேய்ந்த நீளக் கொட்டகைகள். சுமார் 2,000 கைதிகள். அவர்கள் இரண்டு பாலங்கள் கட்ட வேண்டியிருந்தது: முதலில் தற்காலிக மரப்பாலம், பிறகு அதன் பக்கத்திலேயே கான்கிரீட் தூண்களின் மேல் இரும்புப் பாலம். இரண்டும் 1943-இன் முதல் பாதிக்குள் முடிந்தன.

அவர் உதவினாரா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. வேலை செய்ய மாட்டோம் என்று சொன்னால் அங்கேயே சாவு. அதில் பேரத்துக்கு இடமில்லை. வேறு எதிலெல்லாம் பேரம் பேசலாம் என்று தேடியதுதான் டூசியின் திறமை. ஆள்கள் பட்டினியாலும் நோயாலும் விழுந்தால் உங்கள் வேலைதான் தாமதமாகும் என்று ஜப்பானியரிடமே வாதாடி ஒவ்வொரு சலுகையாக வாங்கினார். காவலர்கள் கைதிகளைக் கொடுமைப்படுத்தியபோதெல்லாம் போய்ப் புகார் சொன்னார். பெரும்பாலும் அடிதான் கிடைத்தது. அடிபட்ட மறுநாளும் போய் நின்றார். சிப்பாயை அடிக்கக் கை ஓங்கினால் குறுக்கே போய் நில்லுங்கள் என்று தன் அதிகாரிகளுக்கும் கட்டளையிட்டிருந்தார். அதிகாரிகளுக்குத் தனிக் கொட்டகையும் தனிச் சாப்பாடும் கூடாது என்று தடுத்தார். கழிப்பிடம், குளியல், கொசு, ஈ என எதையும் அலட்சியமாக விடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இது ராணுவக் கெடுபிடி மாதிரி தெரியும். வயிற்றுப்போக்கும் காலராவும் ஆளைத் தின்கிற இடத்தில் சுத்தம்தான் முதல் மருந்து.

படத்து நிக்கல்சன் தன் பாலத்தின் அழகில் மயங்குகிறார். டூசியின் ஆட்கள் கறையான்களைச் சேகரித்து மரத்தூண்களில் கொண்டுபோய் விட்டார்கள். கான்கிரீட்டைக் கெட்ட கலவையாகக் கலந்தார்கள். படத்துக் கர்னல் தப்பியோடுவதைத் தடுக்கிறார். டூசியோ இரண்டு அதிகாரிகள் தப்பிப்பதற்குத் துணை நின்று, ஒரு மாதத்துக்கான உணவைக் கொடுத்து, அவர்கள் போனதை 48 மணி நேரம் மறைத்து வைத்தார். பிறகு அவர்கள் பிடிபட்டார்கள். துப்பாக்கி ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்கள். மறைத்ததற்காக டூசிக்கும் தண்டனை கிடைத்தது. ஆகவே என் பதில்: அவர் பாலத்துக்கு உதவவில்லை, பாலத்தை வைத்துத் தன் ஆட்களின் உயிரைப் பேரம் பேசினார்.

இதில் இன்னொருவர் பெயரையும் சொல்லியாக வேண்டும். பூன்பொங் சிரிவெஜ்ஜபந்து என்ற தாய்லாந்து வியாபாரி. முகாம்களுக்குச் சரக்கு விற்கிற சாக்கில், காய்கறிகளுக்கிடையே மருந்தையும் பணத்தையும் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தவர். மாட்டியிருந்தால் அவர் குடும்பமே அழிந்திருக்கும். ஏனோ அவரைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

பாலம் முடிந்ததும் உடம்பில் தெம்புள்ளவர்களை மேலே காட்டு முகாம்களுக்கு விரட்டினார்கள். தமர்க்கானை மருத்துவமனை முகாமாக மாற்றும் பொறுப்பு டூசியிடம் வந்தது. பிறகு நோங் பிளாடுக், 1944 டிசம்பரில் காஞ்சனபுரி அதிகாரிகள் முகாம் என்று இடம் மாறினார். போர் முடிந்தபோது அவருடைய எடை 48 கிலோதான். அந்த உடம்போடு, ஊருக்குக் கப்பல் தேடாமல், 300 மைல் காட்டுக்குள் பயணம் செய்து தன் சிப்பாய்களைப் போய்ப் பார்த்தார்.

தமர்க்கானில் இரண்டாம் நிலைப் பொறுப்பில் இருந்த ஜப்பானிய சார்ஜென்ட் மேஜரின் பெயர் சைட்டோ. கடுமையானவர், ஆனால் மற்றவர்களோடு ஒப்பிட்டால் நியாயமாக நடந்தவர் என்று டூசி கருதினார். போர்க்குற்ற விசாரணையின்போது அவருக்காகப் பேசினார். பின்னாளில் இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. 1975-இல் டூசி இறந்தார். 1984-இல் சைட்டோ இங்கிலாந்து வந்து அவர் கல்லறை முன் நின்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு காஞ்சனபுரி போனேன். நதிக்கு இப்போது க்வாய் யாய் என்று பெயர். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தேடுவதால் 1960-இல் மாற்றியது, முன்பு அது மே க்லோங். படம் எடுக்கப்பட்டதோ இலங்கையின் கித்துல்கலவில். பாலத்தில் இப்போதும் ரயில் ஓடுகிறது. வளைந்த இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு மட்டும் கோண வடிவில் நிற்கும். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத் தகர்த்த இடத்தில் போருக்குப் பின் வைத்தவை அவை.

பிறகு போர்க் கல்லறைக்குப் போனோம். கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், அதன்மேல் வெண்கலத் தகடு, கற்களுக்கிடையே பூச்செடிகள். நான் குனிந்து படித்துக்கொண்டே போனேன். கன்னர், கன்னர், பாம்பார்டியர் (பீரங்கிப் படையில் கன்னருக்கு மேல்நிலை), கன்னர். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, இறந்த தேதி. காடும் காலராவும் சூழ்ந்த இடத்தில் செத்தவனுக்கும் தேதி இருந்தது, ஏனென்றால் அவனை எண்ணவும் எழுதி வைக்கவும் மேலே ஓர் அதிகாரி இருந்தார்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் சுமார் 60,000 போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர், அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்பது மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழர்கள் அதில் பெரும் பங்கு. கூலி கிடைக்கும், அரிசி கிடைக்கும் என்று நம்பிப் போனவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் நடுவே போதிய மருத்துவர்களும் இல்லை, ஜப்பானியரிடம் எழுந்து நின்று வாதாட ஒரு டூசியும் இல்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அதட்டக்கூட ஆளில்லாமல் கொட்டகை கொட்டகையாகப் போனார்கள். டூசியைப் பற்றி அறிய அறிய அவர்மேல் மரியாதை கூடுகிறது. கூடவே, இப்படி ஒருவர் எங்கள் ஆட்களுக்கு வாய்க்கவில்லையே என்ற ஆற்றாமையும் கூடுகிறது.

அம்மா அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு வரிசை விடாமல் நடந்தார். அங்கே தமிழ்ப் பெயர் இருக்காது என்று முன்பே சொல்லித்தான் அழைத்துப் போயிருந்தேன். இருந்தாலும் ஒவ்வொரு தகட்டிலும் தேதியைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். என் பாட்டியின் அண்ணன் இறந்த நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. திதி தெரியாததால் அவருக்கு ஆடி அமாவாசையில்தான் படைக்கிறோம்.