பனி நாளில் ஆன்லைன் வகுப்பு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் நியூஜெர்சியில் இருக்கிறோம். மூத்தவள் பதினோராம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு. சென்ற குளிர்காலத்தில் பனியால் ஐந்து நாள் பள்ளியை மூடினார்கள். காலண்டரில் மூன்று நாள்தான் அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். மீதி இரண்டு நாளை ஜூன் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். சென்னைக்கு முன்பே எடுத்திருந்த டிக்கெட்டை மாற்ற நான்கு பேருக்கும் சேர்த்துப் பெரிய தொகை போய்விட்டது. நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். பள்ளி மூடிய நாட்களில் எங்கள் மீட்டிங்கும் உருப்படியாக நடக்கவில்லை, பிள்ளைகளும் நாள் முழுக்க டிவி முன்னால். கோவிட் சமயத்தில் ஆன்லைனில் படித்த பிள்ளைகள்தானே, பனி நாளிலும் அப்படியே நடத்தினால் என்ன என்று கேட்டு எங்கள் ஊர்ப் பெற்றோர் சிலர் கையெழுத்து வாங்குகிறார்கள். பக்கத்தில் பென்சில்வேனியாவில் இருக்கிறது, நியூயார்க்கிலும் இருக்கிறது. என் கணவரோ 'விடு, குழந்தைகள் விளையாடட்டும்' என்கிறார். நான் கையெழுத்துப் போடலாமா?
- ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

போட வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற கஷ்டம் எதுவும் சின்ன விஷயம் இல்லை. நான்கு டிக்கெட்டை மாற்றுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அதற்கு வேறு வழி இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாநிலத்தில் பள்ளிக்கு வருஷத்துக்கு 180 நாள் கட்டாயம். கோவிட் வந்த 2020-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அவசரநிலை அறிவிப்பு போன்ற காரணங்களால் தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களுக்கு மேல் மூட வேண்டி வந்தால்தான் ஆன்லைன் வகுப்பை அந்த 180-ல் சேர்க்கலாம். சாதாரணமாக ஒருநாள், இரண்டுநாள் பெய்கிற பனிக்கு அது பொருந்தாது. உங்கள் ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற டிஸ்ட்ரிக்ட் ஆன்லைன் வகுப்பு நடத்தினாலும் ஜூனில் அந்த நாளைத் திரும்ப நடத்தியே ஆக வேண்டும். அதனால் அந்த மனுவை உங்கள் ஊர்ப் பள்ளி போர்டிடம் கொடுத்துப் பயனில்லை. அது போக வேண்டிய இடம் தலைநகர் ட்ரெண்டனில் இருக்கிற மாநிலச் சட்டமன்றம். கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, சட்டத்தை மாற்றினால் நல்லதா? பக்கத்து வீட்டைப் பார்த்துத்தானே கேட்கிறீர்கள், அங்கே நடப்பதைப் பார்ப்போம்.

பென்சில்வேனியாவில் 2019-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டிஸ்ட்ரிக்ட் முன்கூட்டியே திட்டம் எழுதி மாநிலக் கல்வித்துறையிடம் அனுமதி வாங்கினால், வருஷத்துக்கு 5 நாள் வரை பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்க வைத்து அதைப் பள்ளி நாளாகக் கணக்குக் காட்டலாம். அப்படி ஒரு நாளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் தங்கை அங்கேதான் இருக்கிறாள். ஒரு ஜனவரியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் அப்போது முதல் வகுப்பு. மறுநாள் பனி என்று தெரிந்ததும், இங்கே பிள்ளைகள் எல்லாரும் செய்கிற மாதிரி, பைஜாமாவை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கு அடியில் ஒரு ஸ்பூன் வைத்துப் படுத்தான். அப்படிச் செய்தால் பள்ளி லீவு வரும் என்று அவனுக்கு வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் ஐந்தரைக்கு அவள் போனுக்குத் தகவல் வந்தது. கட்டடத்துக்கு லீவு, பாடத்துக்கு இல்லை.

அவன் எழுந்து வந்து ஜன்னலைத் துடைத்துப் பார்த்தான். வெளியே முழங்கால் வரை பனி. சாப்பாட்டு மேசையில் ஐபேட். "பெரியம்மா, ஸ்பூன் வேலை செய்யலையா?" என்று என்னிடம் கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஒன்பது மணிக்கு வகுப்பு. இருபத்திரண்டு பிள்ளைகளில் திரையில் வந்தது பதினாலு முகம். டீச்சர் அருமையான பெண். அவர் மடியிலேயே அவருடைய கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் ஊரிலும் அதே பனிதானே, அவர் குழந்தையின் காப்பகமும் மூடித்தானே இருக்கும்? அரை மணி நேரம் வணக்கம் சொல்வதிலும் மியூட் எடுப்பதிலும் போயிற்று. மீதிக்கு ஒர்க்‌ஷீட். 'sh' ஓசையில் தொடங்குகிற பத்து வார்த்தை எழுத வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை தானாகப் படித்துப் புரிந்து எழுதுமா? என் தங்கை ஒரு காதில் ஆபீஸ் காலை வைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் அவனுக்கு வரி வரியாக வாசித்துக் காட்டினாள். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்தது. பூட்ஸ், கோட், கையுறை எல்லாம் மாட்டி அவனை வெளியே விட்டபோது பனி மழையாக மாறி, தரை முழுக்கச் சகதி. எதிர்வீட்டில் தனியார் பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் காலையிலேயே சறுக்கி விளையாடிவிட்டு உள்ளே போயிருந்தார்கள்.

ஆன்லைன் வகுப்பு வந்தால் உங்கள் மீட்டிங் நிம்மதியாக நடக்கும் என்று நினைக்கிறீர்கள். பெரியவள் விஷயத்தில் நடக்கலாம். இரண்டாம் வகுப்புப் பையனுக்கு அன்று நீங்கள்தான் டீச்சர். 2020-ஐ நினைத்துப் பாருங்கள்.

நியூயார்க் நகரத்தின் கதை வேறு. அங்கே பண்டிகை விடுமுறைகள் கூடக் கூட, 180 நாளைக் காலண்டருக்குள் அடக்குவதே பெரிய பாடாகிவிட்டது. இப்போது நம் தீபாவளிக்கும் லீவு விடுகிறார்கள், அது நல்ல விஷயம்தான். ஆனால் பனிக்கென்று ஒதுக்க இடமில்லை என்று ஆன்லைனுக்குப் போனார்கள். 2024 பிப்ரவரி 13-ம் தேதி அதற்குப் பெரிய சோதனை வந்தது. சுமார் 9 லட்சம் பிள்ளைகள் இருக்கிற அமைப்பு. காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்ததில் பலரால் லாகின் செய்யவே முடியவில்லை. அந்த வேலையைக் கையில் வைத்திருந்த ஐபிஎம் தயாராக இல்லை என்று பள்ளிகளின் தலைவராக இருந்த டேவிட் பேங்க்ஸ் வெளிப்படையாகவே குறை சொன்னார். அன்று சென்ட்ரல் பார்க்கில் விழுந்த பனி 3.2 அங்குலம்.

இயந்திரக் கோளாறை அடுத்த தடவை சரிசெய்துவிடலாம், அதை வைத்து மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மனதில் அதிகம் நிற்பது 2014-ல் வந்த ஓர் ஆய்வு. அப்போது ஹார்வர்டில் இருந்த ஜோஷுவா குட்மன் என்ற பொருளாதார அறிஞர் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். பனியால் பள்ளியை முழுசாக மூடிய நாட்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. பள்ளி திறந்திருந்தும் சில பிள்ளைகள் வர முடியாமல் போன நாட்கள்தான் குறைத்தன. யோசித்தால் காரணம் புரியும். எல்லாருக்கும் லீவு என்றால் டீச்சர் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பாதிப் பேர் வந்து பாதிப் பேர் வராவிட்டால் வந்தவர்களுக்கு நடத்தியதை வராதவர்களுக்கு எப்போது நடத்துவது?

பனி நாள் ஆன்லைன் வகுப்பு இந்த இரண்டாவது வகைதான் என்பது என் எண்ணம். ஈரப்பனியின் கனத்தில் கிளை முறிந்து கரண்ட் கம்பியில் விழுந்தால் அந்தத் தெருவுக்கே நெட் இல்லை. சில வீட்டில் மூன்று பிள்ளைக்கு ஒரு அறை. சில வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரியிலும் கடையிலும் வேலை, பனி என்றாலும் போயே ஆக வேண்டும், பத்து வயது அக்காவிடம் ஐந்து வயதுத் தம்பியை விட்டுவிட்டு. பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிற ஆள் திரைக்குள் வர முடியாது. உங்கள் வீட்டில் லேப்டாப்பும் நெட்டும் இருக்கிறது, நீங்கள் வீட்டிலேயே இருக்கிறீர்கள். வகுப்பு என்பது எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான், தங்கை.

நீங்கள் சென்னையில் படித்தவர். கலெக்டர் மழை லீவு அறிவித்ததும் வீடே ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கும். அதை ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள், முனகிக்கொண்டே போவோம். அந்தச் சனிக்கிழமையில் என்ன படித்தோம் என்று யாருக்கு நினைவிருக்கிறது? மழை லீவு நினைவிருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே மாவா என்ற ஊரின் பள்ளி நிர்வாகம் 2020-ல், கோவிட் ஆன்லைன் வகுப்புகள் மும்முரமாக நடந்தபோதே, பனி பெய்தால் நிஜமான லீவுதான் என்று பெற்றோருக்கு எழுதியது. பிள்ளைகளுக்கு எல்லாமே மாறிவிட்ட வருஷத்தில் இது ஒன்றாவது மாறாமல் இருக்கட்டும் என்றார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

உங்கள் மகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். அவள் ஏபி பாடம் (பள்ளியிலேயே படிக்கிற கல்லூரி நிலைப் பாடம்) எடுத்திருந்தால் தேர்வு மே மாதத் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஜூனில் சேர்க்கிற நாளால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. பனி நாளிலேயே அவள் வீட்டில் படிக்கலாம், அதற்கு வருகைப்பதிவு, லாகின் எல்லாம் வேண்டாம். அன்றைக்கு எந்த அத்தியாயம் படிக்கலாம், எந்தக் கணக்குப் போடலாம் என்று டீச்சர் கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு வரி போட்டால் போதும். முடிந்தவர்கள் செய்யட்டும், முடியாதவர்களுக்கு மதிப்பெண் குறையக் கூடாது. பள்ளிக் கவுன்சிலரிடம் இதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். அதேபோல மூடல் ஒரு வாரத்தைத் தாண்டினால் ஆன்லைன் வகுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சட்டமும் அதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது.

இப்போது டிக்கெட். உங்கள் உண்மையான குறை அதுதான், அதை நேராகவே கேளுங்கள். போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். அடுத்த வருஷக் காலண்டரை முடிவு செய்வதற்கு முன் போய்ப் பேசுங்கள். மூன்றுக்குப் பதில் ஐந்து பனி நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். பயன்படாத நாளை மே கடைசியில் மெமோரியல் டே வார இறுதியோடு சேர்த்து லீவாகத் திருப்பித் தருகிற ஊர்கள் நியூஜெர்சியில் இருக்கின்றன, அதை எடுத்துக் காட்டுங்கள். ஐந்தையும் தாண்டினால் முதலில் எந்த நாளை எடுப்பார்கள், வசந்த விடுமுறையிலா ஜூனிலா என்று காலண்டரிலேயே வரிசையாக அச்சடிக்கச் சொல்லுங்கள். இதையே ஒரு மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஊரில் பாதிப் பேர் போடுவார்கள். அதுவரை டிக்கெட்டைக் கடைசி நாளிலிருந்து நாலைந்து நாள் தள்ளியே எடுங்கள்.

பனி நாளில் நீங்களும் கணவரும் முறை போட்டுக்கொள்ளுங்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒருவர், மதியம் ஒருவர். ஆபீஸில் முதல் நாள் மாலையே சொல்லி வையுங்கள், வானிலை அறிவிப்பு எல்லாருக்கும்தான் வருகிறது. டிவிக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துவிட்டு, சின்னவனைக் காலையிலேயே வெளியே அனுப்புங்கள். மதியத்துக்குள் அது மழையாக மாறிவிடலாம். பெரியவளைப் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசலில் பனியைத் தள்ளிவிட்டு வரச் சொல்லுங்கள். நனைந்து வருகிறவர்களுக்கு மிளகு ரசம் சூடாக இருக்கட்டும்.